அந்த இரண்டாவது தாளில் நாங்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை: கோவை டிஜிட்டல் விளம்பர ஏஜென்சி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

ஏப்ரல் மாதச் சம்பளம் ஏறிய அன்று சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்கள். முதல் தாளில், இந்த ஆண்டு இன்கிரிமென்ட் கிடையாது என்று இருந்தது. விளம்பர வேலையில் பெரும்பகுதியை இப்போது ஏஐ பார்த்துக்கொள்வதால் "பணியின் தன்மை எளிதாகிவிட்டது" என்பது காரணம். இரண்டாவது தாள் ஒரு ஒப்பந்தம். கிளையன்ட்டின் பட்ஜெட் அளவு மீறிச் செலவானால் அவருடைய விளம்பரக் கணக்கைப் பார்க்கும் ஊழியரே நட்டத்தை ஏற்க வேண்டும், அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், கீழே பெயர், தேதி, கையெழுத்து.

வேலை எளிது, அதனால் சம்பளம் உயராது. வேலை ஆபத்தானது, அதனால் நட்டம் உன் தலையில். இரண்டையும் ஒரே ஸ்டேப்ளர் பின்னில் சேர்த்துக் குத்தியிருந்தார்கள்.

அன்று இரவே பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் வேறு ஏஜென்சிகளில் இருக்கும் இரண்டு தோழிகளிடம் பேசினேன். அவர்களுக்கும் அதே ஒப்பந்தம் வந்திருந்தது. மூன்றாவது பத்தியில் இருக்கிற எழுத்துப்பிழைகூட அதேதான். அதனால்தான் என் முதலாளி ஒருவருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் "எளிதாகிவிட்டது" என்பதை எடுத்துக்கொள்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்தது 2014-இல், 7,000 ரூபாய் சம்பளத்துக்கு. கூகுளில் விளம்பரம் போடும் தளமான கூகுள் ஆட்ஸுக்கு அப்போது ஆட்வேர்ட்ஸ் என்று பெயர். ஒவ்வொரு கீவேர்டுக்கும், அதாவது மக்கள் தேடும் சொல்லுக்கும், எவ்வளவு ஏலத்தொகை வைப்பது என்று எக்ஸெல்லில் போட்டு, காலையும் மாலையும் கையால் ஏற்றி இறக்குவோம். இன்று அந்த வேலை இல்லை. ஒவ்வொரு தேடலுக்கும் இயந்திரமே தொகையை முடிவுசெய்கிறது. 2021-இல் வந்த பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற விளம்பர வகை, தேடல், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ் எல்லாவற்றையும் ஒரே கேம்பெயினுக்குள், அதாவது ஒரே விளம்பரத் திட்டத்துக்குள், கொண்டுவந்துவிட்டது. இதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு நல்ல வாடிக்கையாளர் யார் என்று தெரியாது. நாம் எதை "கன்வர்ஷன்", அதாவது விளம்பரத்தின் பலன், என்று சொல்லிக்கொடுக்கிறோமோ, அதைத் தேடிக்கொண்டு ஓடும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் தப்பான இடத்துக்கு இன்னும் வேகமாக ஓடும்.

ஒரு எலும்பு மூட்டு மருத்துவமனைக் கணக்கில் நடந்ததைச் சொல்கிறேன். படிவம் நிரப்பினால் அது ஒரு கன்வர்ஷன் என்று வைத்துத் தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் படிவங்கள் மூன்று மடங்கு ஆயின. ரிப்போர்ட்டைப் பார்த்து கிளையன்ட் மகிழ்ந்தார், நம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மூன்றாவது வாரம் மருத்துவமனை ரிசப்ஷனிலிருந்து ஒரு அக்கா எனக்கு போன் செய்தார். "ஏம்மா, போன் பண்றவங்க எல்லாம் நர்ஸ் வேலை இருக்கான்னு கேக்கறாங்க. நோயாளிங்க எங்கே?" நான் போய் அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். 118 படிவங்களுக்கும் ஒவ்வொன்றாக அழைத்தோம். 61 பேர் வேலை கேட்டவர்கள். இன்னும் பலர் இலவச முகாம் எப்போது என்று கேட்டவர்கள். உண்மையில் வைத்தியத்துக்காக வந்தவர்கள் 19 பேர். வேலை தேடுகிறவர்கள்தான் எந்தப் படிவத்தையும் சளைக்காமல் நிரப்புவார்கள், அவர்களைப் பிடிப்பதுதான் மலிவு என்று இயந்திரம் தெளிவாகக் கற்றுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, அப்பாயின்ட்மென்ட் எடுத்து நேரில் வந்தவர்களின் விவரத்தை மட்டும் கணக்குக்குள் திரும்பக் கொடுத்து, வேலை, சம்பளம், காலியிடம் என்று வரும் சொற்களை எல்லாம் விலக்கி, ஆறு வாரம் பொறுத்திருந்து சரிசெய்தோம். ரிசப்ஷனில் நான் உட்கார்ந்த அந்த இரண்டு நாளை எழுத நம் டைம்ஷீட்டில் இடமே இல்லை. கடைசியில் "இதர பணி" என்று போட்டேன்.

இந்த வேலையின் பாதி இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு விளம்பரம் போட்டால் இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டர் தேடுகிறவர்களும், பழைய கிரைண்டருக்குக் கல் கொத்த ஆள் தேடுகிறவர்களும் வந்து கிளிக் செய்வார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. மூட்டு வலி என்பதை நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக அடித்துத் தேடுவார்கள். 2018-இல் கூகுள் விளம்பரத்துக்குள் தமிழ் வந்தது. ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும் என்பதால், "கோயம்புத்தூர்" என்று எழுதினாலே 13 போய்விடும். மிச்சம் 17-இல் ஒரு பல் மருத்துவர் தன் ஊரையும் தொழிலையும் நம்பகத்தையும் சொல்ல வேண்டும். அப்படி 15 தலைப்புகள் வரை எழுத வேண்டும். ஏஐ எழுதித் தந்த தமிழ்த் தலைப்புகளை ஒரு நாள் நீங்களே வாசித்துப் பாருங்கள். ரூட் கெனால் சிகிச்சைக்கு "பற்கள் வேர் கால்வாய்" என்று ஒன்று வந்தது. நோயாளி ஓடியே போயிருப்பார்.

அப்புறம் அந்த 70 மதிப்பெண். உங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் கூகுள் பார்ட்னர் பேட்ஜ் நிற்பதற்கு மூன்று நிபந்தனைகள் என்று உங்களுக்கே தெரியும். 90 நாளில் 10,000 டாலர் விளம்பரச் செலவு, கணக்கு எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்று கூகுள் போடும் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் குறைந்தது 70 சதவீதம், கணக்குகளைப் பார்க்கும் ஊழியர்களில் பாதிப்பேராவது கூகுள் தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருப்பது. அந்தச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு ஆண்டும் 75 நிமிடத் தேர்வை 80 சதவீதத்துடன் தாண்டுவது நாங்கள். ஸ்கோர் 70-க்குக் கீழே போகாமல், அதே சமயம் "பட்ஜெட்டைக் கூட்டு, எல்லாத் தேடலுக்கும் விரி" என்று கூகுள் நீட்டும் பரிந்துரைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டாமல், ஒவ்வொன்றையும் படித்து வேண்டாததைத் தள்ளுவதும் நாங்கள். புது கிளையன்ட் வந்தால் நீங்கள் முதலில் காட்டுவது அந்த பேட்ஜைத்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் உரிமையாளரின் மைத்துனர் பெயரில் தேர்வெழுதித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றதால் அந்த ஆண்டு எனக்கு "குழு மனப்பான்மை" பத்துக்கு நாலு.

சரி, கணக்குக்கு வருவோம்.

சென்ற மார்ச்சில் என் பொறுப்பில் ஒன்பது கணக்குகள் இருந்தன. இரண்டு கல்லூரிகள், ஒரு நகைக்கடை, அந்த மருத்துவமனை, மற்றவை அமெரிக்க கிளையன்ட்கள். எல்லாம் சேர்ந்து அந்த மாத விளம்பரச் செலவு 42 லட்சம் ரூபாய். நீங்கள் கிளையன்ட்டிடம் வாங்கும் நிர்வாகக் கட்டணம் 15 சதவீதம். அதாவது 6 லட்சத்து 30 ஆயிரம். என் சம்பளம் 41,000. எனக்கு உதவியாக இருக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து 33,000. ஆக மூன்று பேருக்கும் 74,000. நூறு ரூபாய் கட்டணத்தில் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு வந்தது பன்னிரண்டு ரூபாய்க்கும் கீழே.

மிச்சம் 88 ரூபாயும் உங்கள் சட்டைப்பைக்குப் போகிறது என்று சொல்லும் அளவுக்கு நான் விவரம் தெரியாதவள் இல்லை. அவினாசி சாலையில் வாடகை எவ்வளவு என்று தெரியும். விற்பனைக்கு ஆள், டிசைனர், மென்பொருள் சந்தா எல்லாம் இருக்கிறது. ஒரு கல்லூரி ஏழு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தபோது, வராத பணத்துக்கு நீங்கள் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டியதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதும், அதைக் காட்டிப் பெரிய கிளையன்ட்டிடம் கேட்டால் அடுத்த ஆண்டு கணக்கு கைமாறிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்க முடியாததை எல்லாம் எங்களிடம் பிடிக்கிறீர்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

இன்னொன்று. செலவு கூடினால் உங்கள் 15 சதவீதம் கூடுகிறது. இந்த ஒப்பந்தப்படி, செலவு கூடினால் எங்கள் சம்பளம் குறைகிறது. வாரக் கூட்டத்தில் "ஸ்கேல் பண்ணுங்க, ஸ்கேல் பண்ணுங்க" என்று செலவைக் கூட்டச் சொல்வதும் நீங்கள்தான்.

அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் ஒரு முறையாவது கூகுள் ஆட்ஸ் கணக்கைத் திறந்து பார்த்தாரா என்று சந்தேகமாக இருக்கிறது. நாள் பட்ஜெட் என்று நாம் ஒரு தொகையை எழுதினால், ஒரே நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வரை செலவு போக கூகுளின் விதியே இடம் தருகிறது. மாதக் கணக்கில் அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது, அவ்வளவுதான் உத்தரவாதம். 5,000 ரூபாய் என்று சரியாக எழுதியவரின் கணக்கிலும் ஒரு செவ்வாய்க்கிழமை 9,800 போயிருக்கும். "பட்ஜெட் அளவு மீறி" என்று நீங்கள் எழுதியிருப்பதன்படி அவரும் நட்டம் கட்ட வேண்டியவரா? ஒப்பந்தத்தில் பதில் இல்லை.

தப்பே நடக்காது என்று நான் வாதாட வரவில்லை. நடக்கும். நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு தம்பி, 23 வயது, மாதம் 16,000. அவனிடம் 14 கணக்குகள். அதில் ஒன்று டெக்சாஸில் ஒரு பிளம்பருடையது. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, 50 டாலர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 500 என்று அடித்துவிட்டான். இரண்டாவது முறை பார்க்க யாரும் இல்லை. அவன் கிளம்பிப் போனதும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். செலவு எகிறியதைச் சொன்ன மெயில் ஞாயிறு காலை எனக்குத்தான் கண்ணில் பட்டது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். வலது கை இலையில், இடது கையால் போனில் கேம்பெயினை நிறுத்தினேன். அதற்குள் ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதலாகப் போய்விட்டது.

கிளையன்ட்டுக்கு 600 டாலர் கழித்துக் கொடுத்து நிறுவனம் சமாதானம் செய்தது. அதைத் தம்பியின் சம்பளத்தில் மாதம் 4,000 வீதம் 13 மாதம் பிடித்தார்கள். 12,000 ரூபாயில் அறை வாடகையும் சாப்பாடும் கொடுத்து ஊருக்கும் பணம் அனுப்பினான். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து மாதாந்தர அழைப்பில் அந்த பிளம்பரே சொன்னார்: அந்த வாரக் கடைசியில் வந்த அழைப்புகளில் நான்கு பெரிய வேலைகள் தனக்குக் கிடைத்தன, அதில் ஒன்று ஒரு வீட்டுக்கு முழுக்கக் குழாய் மாற்றுவது. வரவு அவருக்கு, சமாதானம் நிறுவனத்துக்கு, தவணை தம்பிக்கு. அவன் இப்போது ஒரு கொரியர் கிடங்கில் கணக்கெழுதுகிறான். விலக்க வேண்டிய சொற்களை அவனைப்போல மணம் பிடிக்கிற ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

விளக்கம் சொல்ல வாய்ப்பு தராமல் நட்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. முன்கூட்டியே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது விளக்கம் கேட்பது ஆகாது.

இப்போது நேரம். எங்கள் அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டு பவர்டேபிள் டைலர், அதாவது மின் தையல் மெஷினில் தைப்பவர். எட்டாவது வரை படித்தவர். அங்கே ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினால் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் அம்மா பாயில் உட்கார்ந்து, இந்த வாரம் எத்தனை ஒன்றரை என்று விரல்விட்டு எண்ணுவார். ஒரு அரை ஷிப்ட் குறைந்தால் திங்கட்கிழமை அப்பா கேட்டு வாங்கிவிடுவார். பனியன் கம்பெனி முதலாளிகள் தங்கமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் நூறு வம்பு உண்டு. ஆனால் நின்ற நேரத்துக்குக் கூலி என்பதை அங்கே யாரும் விவாதப் பொருளாக வைத்துக்கொள்வதில்லை.

நான் எம்.பி.ஏ. படித்தவள். நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் பெரிய தள்ளுபடி விற்பனை நாளான பிளாக் ஃப்ரைடே வருகிறது. நியூயார்க்கில் அந்த வெள்ளி பிறக்கும்போது நமக்குக் காலை பத்தரை. அங்கே அது முடியும்போது நமக்குச் சனிக்கிழமை காலை பத்தரை. கடை கலிஃபோர்னியாவில் இருந்தால் மதியம் ஒன்றரை. அப்புறம் திங்கட்கிழமை, ஆன்லைன் விற்பனைக்கான சைபர் மண்டே. அந்த நான்கு நாளில் நான் வீட்டுக்குப் போனது ஒரே ஒரு முறை. ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி ஏற்பாடு கிடையாது என்பதால் கான்ஃபரன்ஸ் அறையில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு பீட்சா, வாட்ஸ்அப் குழுவில் ஒரு கைதட்டல் படம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அது எத்தனை ஷிப்ட்மா?"

நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்று சொல்வது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். சுதந்திரம் வந்த வருடத்துச் சட்டம். ஆட்வேர்ட்ஸ் தொடங்கியதே 2000-இல்தான்.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். 20 பேர் ஆகிவிட்டால் பி.எஃப். கட்ட வேண்டும் என்பதற்காக, பல ஏஜென்சிகளில் ஊழியர் பட்டியல் 19-ஆவது பெயரோடு நின்றுவிடுகிறது. மற்றவர்கள் எல்லாம் "ஆலோசகர்கள்". 18,000 வாங்குகிற, காலை ஒன்பதரைக்கு விரல் வைத்துவிட்டு உள்ளே வருகிற, விடுப்புக்கு மூன்று பேரிடம் கெஞ்சுகிற பெண் ஆலோசகராம். அவள் சம்பளத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து மிச்சத்தைத் தருகிறீர்கள். அதைத் திரும்ப வாங்க அவள் ஆடிட்டருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து ரிட்டர்ன் போட வேண்டும்.

இன்னொன்று, அசல் சான்றிதழ்கள். எங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்த பெண்ணின் டிகிரியும் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டும் உங்களில் ஒருவரின் பீரோவில் இருக்கின்றன. அவளுக்கு வங்கித் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தபோது, "ரெண்டு நாளைக்குத் தர்றோம், லெட்டர் எழுதிக் கொடு" என்றார்களாம். அவள் படித்து வாங்கியதைக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி, எங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டுவிடுகிறேன்.

அந்த இரண்டாவது தாளைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே இந்தக் காரணத்துக்காக யார் சம்பளத்திலாவது பிடித்திருந்தால், வேலையை விட்டுப் போனவராக இருந்தாலும், திருப்பிக் கொடுங்கள். அந்தத் தம்பியின் 52,000 அதில் முதலில் வரட்டும். தப்பைத் தடுக்க வழி வேண்டுமென்றால் சொல்கிறேன். ஒருவருக்கு எட்டுக் கணக்குகளுக்கு மேல் தராதீர்கள். பட்ஜெட் மாற்றத்தை இரண்டாவது ஆள் பார்த்த பிறகே சேமிக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். அளவு தாண்டினால் கேம்பெயினைத் தானாக நிறுத்தும் விதியை எல்லாக் கணக்கிலும் போட எனக்கு அரை நாள் போதும். அந்த அரை நாளை மூன்று ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கும் மேல் நட்டம் வந்தால், தொழில்முறைப் பொறுப்புக்கு என்றே காப்பீடு இருக்கிறது. அதன் பிரீமியம் உங்கள் செலவுக் கணக்கில் போக வேண்டியது.

சம்பளத்தைப் பற்றி. பயிற்சி என்ற பெயரில் மூன்று மாதம் சும்மா வேலை வாங்குவது நிற்க வேண்டும். தொடக்கத்தில் 22,000, தனியாகக் கணக்கு பார்க்கத் தொடங்கியதும் 32,000, ஐந்து ஆண்டு ஆனவருக்கு 60,000 என்று கேட்கிறோம். இது முடியாது என்றால் வேறு வழியும் இருக்கிறது: ஒரு கணக்கிலிருந்து வரும் நிர்வாகக் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கு அந்தக் கணக்கில் வேலை செய்கிற குழுவுக்கு. எந்த வழியாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு 38, பெண்ணுக்கு 31 என்று பேரம் பேசி முடிக்கும் வழக்கம் அப்போதுதான் ஒழியும். பேட்ஜுக்காகச் சான்றிதழ் எழுதுகிறவர்களுக்கு அதற்கென்று ஒரு படி கொடுங்கள்.

இரவு வேலைக்கும் விடுமுறை நாள் வேலைக்கும் சட்டம் சொல்லும் இரட்டைக் கூலி. ராத்திரி எட்டரைக்கு மேல் நிற்கிற பெண்களுக்கு வீடு வரை வண்டி. வீட்டிலிருந்து போனில் நிறுத்துகிற வேலையும் வேலைதான். அந்த வாரம் யாருக்கு முறை என்று எழுதி வைத்து, அவருக்குப் பணம் கொடுங்கள்.

விரல் வைத்து உள்ளே வருகிறவர் எல்லோரையும் ஊழியர் பட்டியலில் சேர்த்து பி.எஃப். கட்டுங்கள். பீரோவில் இருக்கும் அசல் சான்றிதழ்களை இந்த மாதத்துக்குள் உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். இதற்கு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, அதனால் இதை முதலில் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் முதலாளிகளும் உட்கார்ந்து நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். 2021-இல் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 32 சதவீத உயர்வு என்று கையெழுத்தானது. அதற்கு முன்னால் எத்தனை சுற்றுப் பேச்சு, எத்தனை இழுபறி என்று அந்த ஊர்க்காரியான எனக்குத் தெரியும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அவர்களால் முடிகிறபோது, நம்மால் ஏன் ஒரு மேசையில் உட்கார முடியாது? ஒரே ஒப்பந்தத்தை எழுத்துப்பிழையோடு உங்களுக்குள் பகிர்ந்துகொள்ள முடிந்தது என்றால், ஒரே அறையில் கூடவும் உங்களால் முடியும்.

தீபாவளி கேம்பெயின்கள் தொடங்குவதற்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை நீங்களே சொல்லுங்கள். உங்கள் தரப்பில் ஐந்து பேர், எங்கள் தரப்பில் ஐந்து பேர். எங்கள் பக்கம் மூன்று பேராவது பெண்களாக இருப்பார்கள். இன்னும் பதினொரு பேர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் மேசை டிராயரில் வைத்திருக்கிறோம். தேதி வரும் வரை அது அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருத்தி,
கோயம்புத்தூர்